உலகம்மா பேரு கேட்டு வந்த கதை

ஒரே ஒரு ஊருல, ஆத்துக்கு இந்தக் கரையில, உலகம்மா உலகம்மான்னு ஒரு பெரிய வீட்டுக்காரி இருந்தா. பேருதான் உலகம்மா. அடுத்த தெருவுல யாரு இருக்கான்னு கேட்டா முழிப்பா. ஏன்னா, எல்லாந்தான் வாசலுக்கே வருதே, அவ எதுக்கு வெளிய போவணும்? உப்பு வரும், எண்ணெய் வரும், வெளுத்த துணி வரும். அவ கதவைக் கொஞ்சூண்டு திறப்பா, கையை மட்டும் நீட்டுவா, சாமானை வாங்குவா, டப்புன்னு சாத்துவா. வந்தது யாருன்னு மூஞ்சியைப் பாக்கவே மாட்டா.

கூப்பிடுததும் அப்படித்தான். உப்பு விக்க வந்தவளை "ஏ உப்பு!"ம்பா. எண்ணெய் கொண்டு வந்தவரை "ஏ எண்ணெய்!"ம்பா. துணி வெளுக்கிறவரை "ஏ துணி!"ம்பா.

அவ புருசன் பிச்சையா நல்ல மனுசன். அவரு சொல்லிப் பாத்தாரு. "ஏட்டி, அவங்களுக்கும் ஒரு பேரு இருக்கும்லா? உள்ள கூப்பிட்டு ஒரு வாய் மோராவது குடேன்."

"பேரைத் தெரிஞ்சு நான் என்ன செய்ய? பேரையா உடுத்தப் போறேன்? பேரையா கொழம்புல போடப் போறேன்?"ன்னுட்டா. அவரும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

இப்படி இருக்கும்போது அந்த ஊருக்குக் கொம்பையான்னு ஒரு திருடன் வந்தான். பாவம் அவனுக்கு ஒரு கஷ்டம். ரெண்டு கண்ணும் பூனைக்கண்ணு. ஒரு காது பாதிதான் உண்டு, மீதியை எது கடிச்சுதோ தெரியாது. ஒருதரம் பாத்தா ஆயுசுக்கும் மறக்காத மூஞ்சி. இப்படி ஒரு மூஞ்சியை வச்சுக்கிட்டு எப்படித் திருடுதது, நீயே சொல்லு? போன ஊருல எல்லாம் பிடிச்சிட்டாங்க. அடி வாங்கி வாங்கி நொந்து போய் இருந்தவன், மூஞ்சியே பாக்காத ஒரு அம்மா இந்த ஊருல இருக்கான்னு கேள்விப்பட்டதும் அப்படியே குளுந்து போயிட்டான்.

ஊருல அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருது. கொம்பையா ஒரு பழைய மூட்டையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு உலகம்மா வீட்டு வாசல்ல போய் நின்னான். "அம்மா, கொடை வருதே! பட்டெல்லாம் குடுங்க, அலசி மடிச்சுத் தாரேன்"னான். அவ கதவைக் கொஞ்சூண்டு திறந்தா, கையை நீட்டினா, கல்யாணப் பட்டு, சீமந்தப் பட்டு, புருசனோட சரிகை வேட்டி எல்லாத்தையும் அவன் கையில குடுத்தா. "ஏ துணி, சரிகை பத்திரம்!"னா. டப்புன்னு சாத்திட்டா.

மறுநாள் காலையில, நிஜமாவே துணி வெளுக்கிற இசக்கிமுத்து, கழுதையைப் பத்திக்கிட்டு வந்து, "அம்மா, கொடைக்குத் துணி இருக்கா?"ன்னு கேட்டாரு.

"நேத்துத்தானே வாங்கிட்டுப் போன!"

"நான் நேத்து இந்தப் பக்கமே வரலியே அம்மா."

"ஐயோ! என் பட்டைத் தின்னுட்டு வரலைங்கானே!"ன்னு அவ போட்ட சத்தத்துல தெருவே கூடிப் போச்சு. திருடன் திருடன்னு கத்துதா. இசக்கிமுத்தோட அப்பா காலத்துலேருந்து அந்த வீட்டுத் துணியை வெளுக்கிறாங்க, ஒரு கைக்குட்டை காணாமப் போனதில்ல. திருடன்னு பேரு வந்துட்டா ஊரை விட்டே போவணும். மனுசன் அப்படியே கழுதை கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதுட்டாரு.

விசயம் நாட்டாமைகிட்டப் போச்சு. நாட்டாமை கேட்டாரு, "தாயி, துணி வாங்கிட்டுப் போனவன் கறுப்பா செவப்பா?"

"துணிக்காரன் மாதிரி இருந்தான்."

"நெட்டையா குட்டையா?"

"மூட்டை ஒசரம் இருந்தான்."

"மூஞ்சி எப்படி?"

"மூஞ்சியை நான் எதுக்குப் பாக்கணும்? மூட்டையைப் பாத்தேன்!"

நாட்டாமை தாடையைச் சொறிஞ்சாரு. அப்புறம் மூணு பேரு தலையில மூணு மூட்டையை ஏத்தி வரிசையா நிக்க வச்சாரு. மூட்டை தொங்கி மூஞ்சி பாதி மறைஞ்சிருக்கு. "இதுல உன் துணிக்காரன் யாரு, காட்டு தாயி"ன்னாரு. அவ மொத மூட்டையைப் பாத்தா, ம்ஹூம். ரெண்டாவது மூட்டையைப் பாத்தா, ம்ஹூம். மூணாவது பெரிய மூட்டை. ஓடிப் போய் அதுக்குக் கீழ நின்ன ஆளோட வேட்டியைப் பிடிச்சுக்கிட்டா. "இவன்தான்! திருட்டுப்பய! நிக்கிற தோரணையைப் பாரு!"

மூட்டைக்குக் கீழேருந்து ஒரு குரல் வருது. "ஏட்டி, வேட்டியை விடுட்டி, அவுந்துரும். நான் உன் புருசன்!"

ஊரே உருண்டு பொரண்டு சிரிச்சுது. உலகம்மா மூஞ்சி சுருங்கிப் போச்சு. நாட்டாமை சிரிக்கல. "இசக்கிமுத்து மேல குத்தம் இல்ல. குத்தம் உன் மேலதான் தாயி. நீ அவரு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அங்க ஒரு வாய் கூழ் குடிக்கணும். உனக்கு உப்பு குடுக்கிறவ வீட்டுக்குப் போவணும், எண்ணெய் குடுக்கிறவர் வீட்டுக்கும் போவணும். பேரு என்ன, நல்லா இருக்கீங்களான்னு வாயால கேட்டுட்டு வரணும். அதுவரைக்கும் உன் வீட்டுக்கு யாரும் ஒண்ணும் கொண்டு வர மாட்டாங்க"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டாரு.

கொழம்புக்கு உப்பு வேணும்லா? முணுமுணுத்துக்கிட்டே கிளம்பினா.

மொதல்ல ஆத்தங்கரைக்குப் போனா. இசக்கிமுத்து துணியை அடிச்சுத் துவைக்கிறாரு, இவ பக்கம் திரும்பல. "மன்னிப்பு எங்கிட்ட வேண்டாம்மா. உங்க துணியைச் சுமக்கிறது ராசாத்திதான். அதுகிட்டச் சொல்லுங்க"ன்னுட்டாரு. ராசாத்தி யாரு? கழுதை! உலகம்மா அக்கம் பக்கம் பாத்தா, யாரும் இல்ல. கழுதைக்கு முன்னால கையெடுத்துக் கும்பிட்டு, "ராசாத்தி, தெரியாமச் சொல்லிட்டேன்"னா. அது அவ முந்தானையை எடுத்து நறுக்குன்னு கடிச்சுது. இசக்கிமுத்துக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சுக்கிட்டே கூழை ஊத்தி நீட்டினாரு. வாங்கும்போதுதான் அந்தக் கையைப் பாத்தா. அழுக்குப் போக்குற உவர்மண்ணுல ஊறி ஊறி விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. இந்தக் கையா என் பட்டைத் திருடிச்சுன்னு சொன்னோம்னு நினைச்சா. கூழை ஒரு சொட்டு விடாமக் குடிச்சா.

ரெண்டாவதா உப்பு விக்கிறவ வீடு. அவ பேரு மூக்கம்மா. தெருத்தெருவா கூவிக் கூவி அவளுக்கு வீட்டுக்குள்ளயும் மெதுவாப் பேச வராது. "வாங்கம்மாஓ! உக்காருங்கம்மாஓ! தண்ணி குடிங்கம்மாஓ!"ங்கா. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுத் தண்ணி குடிச்சா உலகம்மா. ஆனா எந்திரிக்க மனசு வரல. ஊர்க்கதை பூராவும் அங்கதான் இருக்கு!

மூணாவதா எண்ணெய்ச் செக்கு. செக்காட்டுதவரு பேரு ஆவுடையப்பன். மலை மாதிரி ஒடம்பு, வாயைத் திறந்தா வெக்கம். பேசினதெல்லாம் அவரு அம்மாதான். "என் மகனுக்கு ஒரு பொண்ணு பாருங்க தாயி, பொண்ணு வீட்டுக்குப் போனா இவன் தூணுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கிடுதான்"னு அந்தம்மா சொல்ல, அவரு செக்கு மாட்டுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கிட்டாரு. உலகம்மா சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்துட்டு. "கவலைப்படாதீங்க, நான் பாக்கேன்"னு வாக்குக் குடுத்துட்டு வந்தா.

அவ்வளவுதான், தீர்ப்பு முடிஞ்சு போச்சு. ஆனா அவ போறதை நிறுத்தல. இன்னைக்கு மூக்கம்மா வீடு, நாளைக்குச் செக்குன்னு சுத்துதா. பிச்சையா சோறு கேட்டுத் தெருத்தெருவாத் தேடுதாரு!

இது எதுவும் கொம்பையாவுக்குத் தெரியாது. பட்டு எல்லாத்தையும் பாழடைஞ்ச மண்டபத்துல பதுக்கி வச்சிட்டு, இன்னொரு தரம் பாத்துருவோம்னு ஒரு எண்ணெய்த் தூக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தான். "அம்மா, எண்ணெய்க்காரன் வந்திருக்கேன். கொடை வருதே! குத்துவிளக்கு எல்லாம் குடுங்க, துலக்கித் தாரேன்."

உலகம்மா கதவைப் பெருசாத் திறந்தா. மூஞ்சியைப் பாத்தா. பூனைக்கண்ணு. பாதிக் காது. இவன் ஆவுடையப்பனே இல்ல, அட படுபாவின்னு நினைச்சா, ஆனா காட்டிக்கல.

"வா ஆவுடையப்பா! பொண்டாட்டி நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காம்மா."

"பிள்ளைங்க?"

"நாலும் நல்லா இருக்கும்மா."

"நேத்துச் சாயங்காலம் வரைக்கும் பொண்ணு கிடைக்கலன்னு உங்கம்மா அழுதா. ஒரு ராத்திரியில நாலு பிள்ளையா! சரி சரி, அம்மன் அருள்தான். விளக்கெல்லாம் அந்த நெல்லுக் குதிருக்குள்ள கிடக்கு. நீயே ஏணி போட்டு இறங்கி எடுத்துக்கோ."

அவனும் இறங்கினான். ஆள் ஒசரத்துக்கு மேல இருக்கும் அந்தக் குதிரு. உள்ள பாத்தா நெல்லும் இல்ல, விளக்கும் இல்ல. மேல பாத்தா ஏணியும் இல்ல!

உலகம்மா தெருவுக்கு ஓடி வந்தா. "ஏ இசக்கிமுத்து! ஏ மூக்கம்மா! ஏ ஆவுடையப்பா! ஓடியாங்க!"ன்னு கூப்பிட்டா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வராம இருப்பாங்களா? ஓடி வந்தாங்க. ஆவுடையப்பன் ஒத்தைக் கையால கொம்பையாவைப் பிடிச்சு முருங்கைக்காய் மாதிரி வெளிய தூக்கினாரு. அவன் காட்டிக் குடுத்த மண்டபத்துலேருந்து பட்டு அன்னைக்கே வீடு வந்து சேந்துது.

"அடிச்சிருங்க, அடி எனக்குப் பழக்கம்"னு கொம்பையா முதுகைக் காட்டினான்.

நாட்டாமை சொன்னாரு, "உன்னை யாரும் தொட மாட்டோம். கொடை முடியிற வரைக்கும் ஆத்தங்கரையில துவைக்கணும், மூக்கம்மாவுக்கு உப்பு சுமக்கணும், செக்கு இழுக்கணும். மாட்டுக்கு லீவு!"

அவன் மூக்கம்மாவுக்குப் பின்னால உப்பு மூட்டையைச் சுமந்துக்கிட்டுப் போறான். அவ உப்புன்னா கூவுதா? "கொம்பையா வந்திருக்கான்! மூஞ்சியைப் பாத்துக்கோங்கஓ! பூனைக்கண்ணைப் பாத்துக்கோங்கஓ! பாதிக் காதைப் பாத்துக்கோங்கஓ!"ன்னு தெருத்தெருவாக் கூவுதா. குஞ்சு குளுவான் எல்லாம் வெளிய வந்து, "கொம்பையா மாமா, நல்லா இருக்கீங்களா?"ன்னு கேக்குது. மூஞ்சியை மூடலாம்னா ரெண்டு கையும் மூட்டையில இருக்கு. "ஐயோ, அடிச்சாக்கூடத் தாங்கிருப்பேனே!"ன்னு அழுதான் அவன். பின்ன? எல்லாருக்கும் தெரிஞ்ச திருடன் எங்க போய்த் திருடுவான்?

பட்டு உடுத்தி உலகம்மா கொடைக்குப் போயிட்டா, பாயை விரிச்சு நாமளும் படுத்தாச்சு. ஆமா, நம்ம வீட்டுக்குக் காலையில பால் ஊத்த வருதே ஒரு அக்கா, அது பேரு என்ன? தெரியாதா? விடிஞ்சதும் மொத வேலையாப் போய்க் கேளுங்க.