கோ கொடுத்தவள்

முத்துப்பேச்சி தன் கோகோ விளையாட்டுச் சட்டையைத் துவைத்து, மடித்து, ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.  சண்டைகூடப் போடாமல் போனதுதான் ஜெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. அந்தப் பள்ளிக்கூடத்தில் பேச்சியைப் போல ஓட ஆள் கிடையாது. சனிக்கிழமை மாவட்டப் போட்டி. காலையில் ஒட்டிய பட்டியலில் பேச்சியின் பெயரை அடித்துவிட்டு, தாளாளரின் பேத்தி பெயரை எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளை பத்தடி ஓடினால் பதினோராவது அடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். பாவம், அது கேட்கவும் இல்லை. தாத்தா ஆசைப்பட்டார், முடிந்தது கதை. நன்றாயிருக்கிறது நியாயம்!

ஜெனிட்டா நேரே மைதானத்துக்குப் போனாள். விளையாட்டு ஆசிரியை கோமதி டீச்சர் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாகத் தினமும் தொண்டை கிழிய இரண்டே விதிகளைச் சொன்னவர் அவர். பின்னாலிருந்து ஒருத்தி முதுகைத் தொட்டு ‘கோ’ சொல்லாமல், கட்டத்தில் உட்கார்ந்திருப்பவள் எழுந்தால் பௌல், தப்பாட்டம். எழுந்து ஓட ஆரம்பித்தபின், கோட்டின் முனையிலுள்ள கம்பம் வருமுன் திரும்பினாலும் பௌல்.

"பேச்சி பேரை ஏன் எடுத்தாங்க, டீச்சர்?"

"மேலிடத்து முடிவு."

"நீங்க ஏன் கேக்கல?"

டீச்சர் சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தார். போட்டு முடித்த ஒரு கட்டத்தில், ஜெனிட்டாவுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"உக்காந்திருக்கவ தானா எந்திரிச்சா என்ன?"

"பௌலு."

"அதான். மேலேயிருந்து யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நானா எப்படி எந்திரிக்க?"

ஜெனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சருக்கு இது தற்காலிக வேலை, அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்பது தாளாளர் கையில். அது அவளுக்கும் தெரியும். அதற்காக? வெயிலில் முட்டி தேயத் தேய ஓடினவள் வீட்டில் கிடக்க வேண்டுமா? சொல்லிக்கொடுத்த விதியையே சாக்காகச் சொல்கிறாரே! போய்விடலாம் என்று இரண்டடி வைக்கவும் செய்தாள்.

பிறகு திரும்பிப் பார்த்தாள். டீச்சர் எழுந்திருக்கவே இல்லை. தரையில் விரலை ஊன்றி, ஓடத் தயாராக அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜெனிட்டா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கோ மேலேயிருந்து வராது, டீச்சர். முதுகுக்குப் பின்னாலயிருந்துதான் வரும்."

உள்ளங்கையை டீச்சரின் முதுகில் வைத்தாள். "கோ" என்றாள். மைதானம் முழுக்கக் கேட்டது.

டீச்சர் எழுந்தார். உடுப்பில் ஒட்டிய சுண்ணாம்பைக்கூடத் தட்டவில்லை. தலைமையாசிரியை அறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். ஜெனிட்டா பின்னாலேயே ஓடினாள்.

அறைக்குள் தாளாளரின் குரல் கேட்டது. ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. டீச்சரின் வேலை போய்விட்டால்? அவரது துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்து, வேண்டாம் டீச்சர், போயிரலாம் என்று கெஞ்சினாள்.

கோமதி டீச்சர் கதவில் கை வைத்தார்.

"ஏட்டி, கம்பம் இன்னும் வரல. பாதியில திரும்பினா பௌலு."