கரையடியில் மண்சோறு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ‘விசுவாசம்’ என்ற சொல் காதில் விழாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் சபையில் எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்தான். ஆமாம் போட்டால் விசுவாசம். கண்டதைச் சொல்லாமல் விழுங்கினால் பெரிய விசுவாசம். ராஜாவின் ஆயுளுக்காக வெறுந்தரையில் மண்சோறு தின்றால் மகா விசுவாசம்.

ஏரி மடையைக் காக்கும் சடையன் மட்டும், “ராஜா எழுப்பின கரையில தண்ணி கசியுதுங்க. இந்த மழைக்குத் தாங்காதுங்க” என்று சொல்லிவிட்டான். கரை உறுதியானது என்று பிரபுக்கள் சாதிக்க, மந்திரி அனந்தராயர் சடையன் சொன்னதை ராஜத்துரோகம் என்றார். விடிந்தால் சடையனின் தலை போகும்.

சபையில் விகடம் சொல்லும் உலகாயிக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டு நாயை அவளும் ‘விசுவாசம்’ என்ற சொல்லால்தான் கொஞ்சுவாள். ஆனால் அது திருடனைக் கண்டால் குரைக்கும். இங்கே குரைத்தவனுக்கல்லவா வெட்டு! இவர்களையா இத்தனை வருஷம் சிரிக்கவைத்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

“ஏன் உலகாயி, முகம் சுண்டியிருக்கிறது?” என்றார் ராஜா.

“அவளுக்கும் விசுவாசம் வற்றிவிட்டது போலும், மன்னா. இருந்தால் கண்ணால் காணும்படி காட்டட்டும்!” என்றார் அனந்தராயர்.

ராஜாவுக்கு அந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. “காட்டு. தவறினால் சடையனுக்குப் பக்கத்தில் நீயும் நிற்பாய்.”

“காட்டுகிறேன், மன்னா. மந்திரியாரும் பிரபுக்களும் தங்கள் ஆயுளுக்காக இன்று மண்சோறு உண்ணப் போகிறார்கள் அல்லவா? சோற்றை ஏரிக்கரைக்குக் கீழே கொட்டச் சொல்லுங்கள். பெண்டுபிள்ளைகளோடு உட்காரட்டும். மழை ஓயும்வரை எழக்கூடாது. கரை உறுதியானது என்று சொன்னவர்கள்தானே!”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அனந்தராயருக்கு அந்தக் கணமே மூட்டுவலி வந்தது. ஒரு பிரபுவுக்கு மாமியார் திவசம். இன்னொருவர், “பிள்ளைகளையாவது விட்டுவிடு, தாயே” என்று அவள் காலடிக்கே வந்துவிட்டார்.

“கரைக்குக் கீழே குடிசைகளில் இருப்பதும் பிள்ளைகள்தான், ஐயா” என்றாள் உலகாயி.

ராஜா மந்திரியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துச் சபையும் சிரித்தது. சடையனை அவிழ்த்துவிடச் சொல்லி, முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். “இனி நீயே என் மகா விசுவாசி!”

உலகாயி சிரிக்கவில்லை. “பட்டம் இவர்களிடமே இருக்கட்டும், மன்னா. மாலைக்குப் பதில் கரையை அடைக்க மண் கொடுங்கள். சுமக்க இவர்களையே அனுப்புங்கள். மண்ணில் உண்ணத் தெரிந்தவர்களுக்கு மண் சுமக்கவா தெரியாது?”

ராஜா மறுபடியும் சிரித்தார். அன்று மழையோடு மழையாக அனந்தராயர் தலையில் மண்கூடை ஏறியது. தூக்கிவிட்டவன் சடையன்.