புறா மென்று விழுங்கிய பேச்சு

அந்தக் காலத்தில், மனுஷர் பேச்சு பறவைக்கும் பறவைப் பேச்சு மனுஷருக்கும் விளங்கிக்கொண்டிருந்த காலத்தில், கூடு கட்டுவதில் புறாவை மிஞ்ச ஆள் கிடையாது. சிரிக்காதீர்கள். இன்றைக்கு ஜன்னல் விளிம்பில் நாலு குச்சியைப் போட்டுவிட்டு இதுதான் வீடு என்று உட்கார்ந்திருக்கிறதே, அதே புறாதான். அப்போதெல்லாம் அது மலைப்பொந்தில் வைக்கோல் மெத்தை போட்டு, மேலே இறகு பரப்பி, காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துத் தடுப்பும் வைத்துக் கட்டும். மற்றப் பறவைகள் வேலை மெனக்கெட்டு வந்து பார்த்துவிட்டுப் போகும்.

அப்படி ஒரு கெட்டிக்காரப் புறாதான் மணிக்கழுத்தன். அவன் மனைவி செங்காலி. அவள் முட்டையிட இன்னும் பத்தே நாள் இருந்தது. அந்த நேரம் பார்த்தா இவனுக்கு நகரத்து ஆசை வர வேண்டும்!

"இந்த மலையில என்ன இருக்கு? பருந்து இருக்கு, பாம்பு இருக்கு. நம்ம பிள்ளைங்க நல்ல நகரத்துல வளரட்டும்," என்றான்.

செங்காலிக்கும் உள்ளூர ஆசைதான், மறைப்பானேன். "வர்றேன். ஆனா போன இடத்துல நிலையா உட்காரணும்," என்றாள்.

"உட்காராம? அங்க என்ன, சுத்திக்கிட்டா இருக்கப் போறோம்?" என்றான் மணிக்கழுத்தன்.

முதலில் கடலோரத்துப் பட்டினத்துக்குப் போனார்கள். அடேயப்பா, என்ன ஊர்! கப்பலில் மூட்டை ஏற்றும்போது சிந்தும் அரிசியைத் தின்றே பத்துத் தலைமுறை பிழைக்கலாம். கரையில் பத்துப் பன்னிரண்டு பாஷை கேட்கும். மணிக்கழுத்தன் ஒரு பண்டகசாலைக் கூரைக்குக் கீழே இடம் பிடித்து இரண்டு குச்சி வைத்தான். மூன்றாவதை எடுக்கும்போதே முகம் சுளித்துவிட்டான்.

"காத்தெல்லாம் ஒரே உப்பு. வைக்கோல் நமுத்துப் போகுது. ஆத்தோட மேல போனா ஒரு சந்தை நகரம் இருக்காம். ஒரு கடல்காக்கா சொன்னான்."

போனார்கள். சந்தை நகரமும் சோடை இல்லை. பொழுது விடிந்தால் கம்பும் கேழ்வரகும் குவியல் குவியலாக வந்து இறங்கும். சந்து சந்தாகக் கடை. மணிக்கழுத்தன் இரண்டு குச்சி வைத்தான், நிறுத்தினான்.

"இங்க மூச்சு முட்டுது. பட்டினத்துல என்ன காத்து, என்ன காத்து!"

"அங்க இருந்தப்ப உப்புக் காத்துன்னீங்களே?"

"உப்பா இருந்தாலும் காத்து காத்துதானே?"

அடுத்தது தலைநகரம். ராஜா இருக்கும் ஊர் அல்லவா, தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நாளைக்கு மூன்று தரம் பெருக்கினார்கள். அப்படிப் பெருக்கினால் கீழே ஒரு குறுணை கிடைக்குமா? கிடைக்கவில்லை. காவல்காரன் வேறு கவண்கல்லோடு நின்றான். ஒன்றரை நாள் பட்டினி கிடந்ததில் செங்காலிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"சந்தையில என்ன கலகலன்னு இருந்துச்சு!" என்று பெருமூச்சு விட்டான் மணிக்கழுத்தன்.

செங்காலிக்கு வந்ததே கோபம். "உங்களுக்கு நிக்கிற ஊரைத் தவிர மத்த எல்லா ஊரும் நல்ல ஊர்! இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு எனக்கு. முட்டையைப் பறந்துக்கிட்டே போடச் சொல்றீங்களா?"

"கோவிச்சுக்காத. வடக்க ஒரு புது நகரம் கட்டிக்கிட்டு இருக்காங்களாம். புத்தம் புதுசு. அதுதான் கடைசி."

பாவம், அவளும் நம்பிக் கிளம்பினாள். புது நகரத்தின் கிழக்கு வாசல் பாதிதான் எழும்பியிருந்தது. சுற்றிலும் மூங்கில் சாரம், செங்கல் குவியல், சுண்ணாம்புப் புழுதி. மணிக்கழுத்தன் இரண்டு தும்மல் தும்மினான்.

"இது சரிப்படாது. மேற்கு வாசல் பக்கம் பார்த்துட்டு வர்றேன்."

"என்னால இனி ஒரு அடி பறக்க முடியாது," என்றாள் செங்காலி. வாசல் சுவரில் இருந்த ஒரு மாடக்குழியில் நுழைந்தாள். சாரத்திலிருந்து விழுந்த நாலு குச்சி அங்கே கிடந்தது. அவற்றைக் காலால் ஒன்று சேர்த்து உட்கார்ந்தாள்.

"அட, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்!" என்று அவன் பறந்தே போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் முட்டை வந்துவிட்டது. பூச்சு வேலை முடியாத மாடம், தரை வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தது. செங்காலி களைப்பில் கொஞ்சம் நகர்ந்தாள். முட்டை உருண்டது. குச்சியைத் தாண்டி உருண்டது. "ஐயையோ, என் பிள்ளை!" என்று அவள் இறக்கையை நீட்டுவதற்குள் விளிம்பைத் தாண்டி விழுந்தது.

சாரத்தில் சாந்துச் சட்டியோடு ஏறி வந்துகொண்டிருந்தாள் மூக்காயி என்கிற சித்தாள். மூன்று ஊரில் கோட்டைச் சுவருக்குச் சாந்து சுமந்தவள். சட்டியை இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கையை நீட்டி முட்டையை ஏந்திப் பிடித்துவிட்டாள்.

"ஏம்மா, உனக்கு வேற இடம் கிடைக்கலையா? இந்தக் குழியை உச்சிப்பொழுதுக்குள்ள அடைச்சுப் பூசணும்னு மேஸ்திரி உத்தரவு," என்றாள்.

செங்காலி ஓவென்று அழுதுவிட்டாள். பத்து நாள் அலைச்சலையும் சொல்லி அழுதாள். கேட்ட மூக்காயிக்கு மனசு இளகிவிட்டது. அந்த நேரம் மணிக்கழுத்தன் திரும்பி வந்து சாரத்தில் உட்கார்ந்தான். மூக்காயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாய்யா, பெரிய மனுஷா! உன் பிள்ளை இதோ என் கையில இருக்கு. மேஸ்திரி மேல வர்றாரு. இந்தக் குழியை விட்டு வைக்கச் சொல்லி நான் கேக்கிறேன். ஆனா நாளைக்கே நீ வேற ஊரைத் தேடிக்கிட்டுப் போனா, ஏச்சு வாங்குறது நான். இப்பவே சொல்லு. இந்த ஊர் உனக்கு நல்லா இருக்கா, இல்லையா?"

மணிக்கழுத்தனுக்குத் தொண்டை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. புழுதி என்று சொல்ல வேண்டும், மேற்கு வாசல் நிழல் அருமை என்று சொல்ல வேண்டும், பட்டினத்துக் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கழுத்து பந்து மாதிரி உப்பிவிட்டது. எதிரே மூக்காயி உள்ளங்கையில் வெள்ளை முட்டை. அதற்கு அந்தப் பக்கம் செங்காலியின் கண். கீழேயிருந்து மேஸ்திரி ஏறும் சத்தத்தில் சாரம் கிறீச்சிட்டது.

வந்த பேச்சை அவன் அப்படியே மென்று விழுங்கினான். "ம்க்கும்… ம்க்கும்…" என்று தொண்டைக்குள்ளேயே உருட்டிக்கொண்டு, தலையை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டினான்.

"என்ன சத்தம் இங்க?" என்று வந்தார் மேஸ்திரி கோணமுத்து.

"புறா குடிவந்திருக்குங்க. ஊர் நல்லா இருக்குன்னு சொல்லுதுங்க," என்றாள் மூக்காயி.

மேஸ்திரி அப்படியே நின்றுவிட்டார். ஆறு வருஷமாக அந்த நகரத்தைக் கட்டுகிறார். வந்து பார்த்தவர்கள் எல்லாம் அந்த ஊர் வாசல் உயரம், இந்த ஊர்த் தெரு அகலம் என்று சொல்லிவிட்டுப் போனார்களே தவிர, ஒருத்தரும் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நெசமாவா சொல்லுது?" என்று கேட்டார்.

மணிக்கழுத்தன் இன்னொரு தரம் தலையை ஆட்டினான். வேறு வழி?

"இந்தக் குழியை யாரும் தொடக் கூடாது. நாலு வாசல்லயும் புறாவுக்கு மாடம் விடுங்க!" என்று மேஸ்திரி கத்திய கத்தல் நகரம் முழுக்கக் கேட்டது. மூக்காயி மாட விளிம்பில் விரலால் சாந்தை இழுத்து ஒரு சின்ன வரப்பு கட்டி, முட்டையை உள்ளே வைத்தாள்.

மறுநாள் இன்னொரு முட்டையும் வந்தது. மணிக்கழுத்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "நான் போய் நல்ல வைக்கோலாப் பார்த்துக் கொண்டுவரட்டுமா? நாலு குச்சியில பிள்ளைங்க படுத்தா நம்ம பேர் என்னாகுறது?"

"வைக்கோல் பொறுக்கப் போற வழியில எவனாவது ஒரு ஊர்ப் பேச்சை எடுப்பான். நாலு குச்சி போதும். நடக்கணும்னா பேசாம இந்த விளிம்புலயே நடங்க," என்றாள் செங்காலி.

அன்று முதல்தான் புறா நாலு குச்சிக்கு மேல் வைப்பதில்லை, நகரத்தை விட்டுப் போவதும் இல்லை. உங்கள் வீட்டு ஜன்னலிலும் ஒன்று குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கும், போய்ப் பாருங்கள். கழுத்து உப்பி, "இதைவிட நல்ல ஊர்…" என்று தொடங்குகிற பேச்சு தொண்டை வரைக்கும் வரும். பெட்டைப்புறா திரும்பி ஒரு பார்வை பார்க்கும். உடனே அது "ம்க்கும்… ம்க்கும்…" என்று விழுங்கிவிட்டு, ஆமாம், நல்ல ஊர்தான், ஆமாம், நல்ல ஊர்தான் என்று தலையை ஆட்டிக்கொண்டே நடக்கும்.