ஏரிக்கரை இல்லாத தொகுதி

எம்.எல்.ஏ. தணிகாசலத்தின் தொகுதிக்கு மறுநாள் மந்திரி வருகிறார். தொகுதி விவரத்தைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தவர், அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் பூங்காவனத்தின்மேல் பாய்ந்தார்.

"கக்கூஸ் இல்லாத வீடு இத்தனையா? மானம் போகுது! விடியறதுக்குள்ள அதுல ஒண்ணுகூட என் தொகுதியில இருக்கக் கூடாது!"

அத்தனையும் ஏரிக்கரைக் காலனி வீடுகள். பூங்காவனத்தின் வீடும் அங்கேதான். அன்று காலையும் முள்ளுக்காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தவள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்கய்யா" என்றாள்.

மறுநாள் திரையில் கக்கூஸ் இல்லாத வீடு பூஜ்யம். மந்திரி கைதட்டினார். தணிகாசலம் மீசையை நீவிக்கொண்டார். அடுத்து, போன தேர்தலின் முடிவு திரையில் வந்தது: தணிகாசலம் தோல்வி.

"என்னய்யா, தோத்துப்போயா எம்.எல்.ஏ.வா உட்கார்ந்திருக்கே?" என்றார் மந்திரி.

"ஏய், என்னடி பண்ணி வச்சிருக்கே?" என்று தணிகாசலம் கத்தினார்.

பூங்காவனம் எழுந்து நின்றாள். "நீங்க சொன்னதைத்தாங்கய்யா. கக்கூஸ் இல்லாத வீடு இருக்கக் கூடாதுன்னீங்க, ஏரிக்கரையையே எடுத்துட்டேன். வீடு போனா, உங்களை ஜெயிக்க வச்ச அந்த வீட்டு ஓட்டும் போகணுமில்ல? ஓட்டு எண்ணும்போது நாங்க உங்க தொகுதி, கக்கூஸ் எண்ணும்போது மட்டும் இல்லையா?"