தள்ளாமை அறியாத வண்டி

தென்வேங்கை சமஸ்தானத்தில் இருந்தது ஒரே சாலை. அதுவும் குண்டும் குழியும். மோட்டார் வண்டிகளோ பதினேழு! ராஜா மார்த்தாண்ட பூபதி அவற்றுக்கென்று ஒரு காட்சிசாலையே கட்டியிருந்தார். வாத்து மூஞ்சி வைத்தது, தலையில் கோபுரம் வைத்தது, பின்பக்கமாக மட்டுமே போவது என்று வேறு எவனும் சீந்தாத வண்டியெல்லாம் அங்கே பன்னீர் தெளிக்கப்பட்டு நின்றன. வாங்கி வருவது திவான் சேஷகிரி ராவ்.

அன்று பதினெட்டாவதாக யானை வண்டி வந்தது. தகரத் தும்பிக்கை, பித்தளைத் தந்தம், கண் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு.

"மகாராஜா, இனிப் பல்லக்கு எதற்கு? தூக்கிகள் எட்டுப் பேரையும் நாளைக்கே அனுப்பிவிடலாம்" என்றார் திவான்.

அரண்மனைப் புலவர் பாவநாசக் கவிராயருக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷம் சுமந்து காய்த்துப்போன தோள்கள் அவை. ரயிலடியிலிருந்து இந்த யானையைத் தள்ளிக்கொண்டு வந்ததும் அதே எட்டுப் பேர்தான். அவர் தம் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

"யானை என்றால் தும்பிக்கை மட்டும் போதுமா? நடக்க வேண்டாமா?" என்று முணுமுணுத்தார்.

"கேட்டீர்களா மகாராஜா? கவிராயருக்கு நம் வண்டி என்றாலே இளக்காரம்!"

ராஜாவின் முகம் கறுத்தது. "கவிராயரே, நாளைக் காலை பக்கத்து ஜமீன்தார்கள் வருகிறார்கள். இந்த வண்டிக்கு ஒரே வரியில் பலகை எழுதும். அதில் பொய்யும் கூடாது, இகழ்ச்சியும் கூடாது. இருந்தால், தூக்கிகளோடு நீரும் வெளியே போகலாம்."

"பொய் இல்லாமல் பாடிப் பழக்கமில்லையே, பாவம்!" என்று திவான் சிரித்தார்.

"உங்களைப் பாடும்போதுதான் ஐயா எனக்கு அந்தச் சிரமம்."

காலையில் பலகை தொங்கியது: 'தள்ளாமை அறியாத வண்டி.'

"ஆகா! முதுமையே வராத வண்டி!" என்று ராஜா பூரித்தார்.

"ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. நானே சாட்சி" என்று திவான் விருந்தினர் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"திவானே சொல்லிவிட்டார். மகாராஜா ஏறி அமரலாம்" என்றார் கவிராயர்.

ராஜா ஏறினார். முடுக்கினார்கள். யானை ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கிப் போயிற்று. ஜமீன்தார்கள் மீசைக்குள் சிரித்தார்கள். கவிராயர் கையசைத்தார். எட்டுத் தூக்கிகளும் வந்து பின்னால் தோள் கொடுத்தார்கள். வண்டி நகர்ந்தது.

"என்ன ஐயா இது? பலகை பொய்யா?" என்று ராஜா உறுமினார்.

"சத்தியம் மகாராஜா. மனிதனுக்குத் தள்ளாத வயது என்று ஒன்று வரும். இந்த வண்டிக்கோ, யாரும் தள்ளாத நாள் என்று ஒன்று வந்ததே இல்லை!"

ராஜா திகைத்தார். பிறகு தும்பிக்கை ஆட ஆடச் சிரித்தார். "தூக்கிகள் எட்டுப் பேரும் இருக்கட்டும். நீரும் இரும்!"

அதற்குள் அரண்மனை மேடு வந்துவிட்டது. வண்டி நின்றது.

"எட்டுப் பேர் போதாது மகாராஜா. திவானும் ஒரு கை கொடுக்கட்டும்."

"நானா?" என்று திவான் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னே? இத்தனை வருஷமாக மோட்டாராக வாங்கித் தள்ளுகிறீர்கள் என்றுதானே ஊரெல்லாம் பேச்சு! வாங்கியாகிவிட்டது. தள்ளுங்கள்!"