கொண்டலாத்தி காவலுக்கு வந்த கதை

நாணல்மடு என்ற குளத்துக்கு முயலும் அணிலும் புறாவும் கௌதாரியும் ஒன்றாகத்தான் தண்ணீர் குடிக்க வரும். வெயில் சற்று ஏறியதும் வரும். தனித்தனியாக வந்தால் காட்டுப்பூனைக்குக் கொண்டாட்டம்!

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் குடித்து முடிக்கும்வரை ஒருவர் மட்டும் கரையோரப் பாறைமேல் உட்கார வேண்டும். முகம் நாணலைப் பார்க்க வேண்டும். முதுகு கூட்டத்தைப் பார்க்க வேண்டும். காட்டுப்பூனை எப்போது வந்தாலும் நாணலுக்குள்ளிருந்துதான் வரும்.

ஐந்து வருஷமாக அந்தக் காவல் குருவாயியுடையது. குருவாயி ஓர் ஆட்காட்டிக் குருவி. நெட்டைக் கால், அதுவும் மஞ்சளில். கண்ணோரம் சிவப்பாக ஒரு தோல் மடிப்பு. குரலோ, தகரத்தில் ஆணியால் கீறினாற்போல இருக்கும்.

ஆனால் மூளை! தவளைகள் ஒரு மூலையில் மட்டும் சட்டென்று வாயை மூடினால், அங்கே யாரோ வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தட்டாம்பூச்சிகள் கூட்டமாக மேலே எழும்பினால், புல்லுக்குள் கால் நடமாடுகிறது என்று தெரியும். காற்று மேற்கே அடிக்கும்போது நாணல் கிழக்கே சாய்ந்தால், அது காற்றின் வேலை இல்லை என்றும் தெரியும். உடனே, "கிழக்கு மூலை! பூனை! இருபது எட்டு!" என்று கத்துவாள். எந்த மூலை, யார், எத்தனை அடி தூரம் என்று மூன்றும் அதில் இருக்கும். கரை காலியாகிவிடும்.

ஐந்து வருஷத்தில் நாணல்மடுவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. போகாததால் குருவாயியை யாரும் நினைத்துப் பார்க்கவும் இல்லை.

அதே கரையில், பட்டுப்போன மருதமரத்துப் பொந்தில் நாவரசு என்ற மைனா குடியிருந்தான். தினமும் காலையில் மரத்தின் உச்சியில் நின்று செய்தி சொல்வது அவன் வேலை. எந்த மரத்தில் பழம் பழுத்தது, மடுவில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது, நேற்றுப் பூனை எங்கே படுத்திருந்தது எல்லாம் சொல்வான். நல்ல குரல், தெளிவான பேச்சு. அவன் மனைவி செவ்வந்திக்கும் மகள் பொடிச்சிக்கும் அவனால் பெருமைதான்.

ஆனால் நாவரசுக்கு ஒரு குறை இருந்தது. கேட்க வருகிறவர்கள், கேட்டதும் போய்விடுகிறார்கள்! பழம் எங்கே என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்கு நிற்பார்கள்? ஆளில்லாத கரையைப் பார்த்து அவன் ஏங்கினான்.

ஒருநாள் சொல்வதற்குச் செய்தி எதுவும் இல்லை. பேச்சை நிறுத்த மனமில்லாமல், "நம்ம கொண்டலாத்தி மகுடேசன் இன்னிக்குக் காலை வெயில்ல கொண்டையை விரிச்சாரு. அடடா, பார்க்கணுமே!" என்று சும்மா சொல்லி வைத்தான்.

ஒருவரும் நகரவில்லை!

"எவ்வளவு நேரம் விரிச்சாரு?" என்றது ஒரு முயல்.

"நுனியில கறுப்பு தெரிஞ்சுதா?" என்றது ஒரு புறா.

நாவரசுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளும் கொண்டை. அதற்கடுத்த நாளும் கொண்டை. தண்ணீர் இறங்கியதைச் சொல்ல நேரம் இல்லாமல் போயிற்று. பூனை படுத்த இடத்தைச் சொல்ல இடம் இல்லாமல் போயிற்று.

தலையில் விசிறிபோல விரியும் கொண்டை உள்ள அந்த மகுடேசனைப் பற்றியும் சொல்லவேண்டும். பழகினால் நல்லவன்தான். புழு தின்பான், தூங்குவான். கெட்ட குணம் எதுவும் கிடையாது. வேறு குணமும் எதுவும் கிடையாது. "அண்ணே, இந்த வருஷம் மழை எப்ப வரும்?" என்று நாவரசு அவனைப் பேட்டி கண்டான். மகுடேசன் கொண்டையை ஒருமுறை விரித்து மடக்கிவிட்டு, "வர்றப்ப வரும்" என்றான்.

"ஆகா! என்ன ஆழம்!" என்று கரையே சொக்கிப் போயிற்று.

குருவாயியையும் ஒருநாள் பேட்டி கண்டான்.

"உங்க கால் ஏன் இவ்வளவு மஞ்சளா இருக்கு?"

"பொறந்ததுலேருந்து அப்படித்தான். தம்பி, மேற்கு மூலையில நாணல் ரொம்ப அடர்ந்துபோச்சு. அந்தப் பக்கம் யாரும் குடிக்கப் போகவேண்டாம்னு சொல்லு."

"கண்ணோரம் அந்தச் சிவப்பு என்ன? சரியாத் தூங்கலையா?"

"நான் நாணலைப் பத்திச் சொல்றேன்!"

"கோபம் வந்தா இன்னும் சிவக்குது பாருங்க, மக்களே!"

கரை விழுந்து விழுந்து சிரித்தது. நாவரசு அதோடு விடவில்லை. மைனாவுக்குத்தான் யார் குரலும் வருமே! "கிழக்கு மூலை! பூனை! இருபது எட்டு!" என்று குருவாயியின் தகரக் குரலில் கத்திக் காட்டினான். அணில்கள் கிளையிலிருந்து உருண்டன. அன்று முதல் அது தினசரி நிகழ்ச்சியாயிற்று. முயல் குட்டிகள்கூட வளைக்குள் அதையே கத்தி விளையாடின.

அடுத்துப் பட்டிமன்றம் வைத்தான். தலைப்பு: 'காவலுக்குத் தேவை அழகா, அறிவா?' நடுவர், கோதண்டம் என்ற கொழுத்த கௌதாரி. எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் உட்காருகிறவர். அழகு அணிக்கு நான்கு கிளிகள். அறிவு அணிக்கு ஓர் ஆந்தை. பட்டிமன்றம் நடந்ததோ உச்சிவெயிலில்! ஆந்தை மேடையிலேயே தூங்கிவிட்டது.

"அறிவு அணி பதில் சொல்ல முடியாமல் வாயடைத்து நிற்கிறது!" என்று நாவரசு அறிவித்தான்.

கோதண்டம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அறிவு வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா, அறிவு உள்ளே இருக்கு. அதை நாம பார்க்க முடியாது. அழகு வெளியே இருக்கு. அதை எல்லாரும் பார்க்கலாம். எல்லாருக்கும் பயன்படுறது எதுவோ அதுதானே பெருசு? ஆகவே, அழகே!"

தவளைகள் கத்தித் தீர்த்தன. தீர்ப்பு ஊர்ஜிதமாயிற்று. குருவாயி பாறையை விட்டு இறங்கினாள்.

"வருத்தமா அக்கா?" என்று நாவரசு கேட்டான். அதையும் நாளைய செய்தியில் சேர்க்கும் எண்ணம்.

"எனக்கென்ன வருத்தம்? எதிர்க்கரைக் கூழாங்கல்லுல என் முட்டை கிடக்கு. அதைப் பார்த்துக்கப் போறேன். நீதான் பிள்ளை வச்சிருக்கறவன்."

செவ்வந்தியும் அதையே சொன்னாள். "நம்ம பொந்து நாணலுக்கு நேர் எதிர இருக்கு. அந்தக் கொண்டைக்காரருக்குப் பூனைன்னா என்னன்னாவது தெரியுமா?"

"உனக்கு மக்களோட ரசனை புரியாது" என்றான் நாவரசு.

மகுடேசன் காவலுக்கு வந்த முதல் நாள், முறைப்படி நாணலைப் பார்த்துத்தான் உட்கார்ந்தான். கூட்டம் முணுமுணுத்தது. "முதுகைப் பார்க்கவா இவ்வளவு பாடுபட்டோம்?"

"அண்ணே, இப்படித் திரும்பி உட்காருங்க!" என்று நாவரசு மேலிருந்து கூப்பிட்டான்.

"அப்ப நாணலை யாரு பார்க்கிறது?" என்றான் மகுடேசன். அவனைக் குறை சொல்லக்கூடாது, கேட்டுவிட்டான்.

"நாணல் எங்கேயும் போயிடாதுண்ணே. நீங்க திரும்புங்க!"

மகுடேசன் திரும்பினான். கொண்டை விரிந்தது. கரை ஆரவாரித்தது.

பன்னிரண்டு நாள் பூனை வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் அதற்கு எலி கிடைத்துக்கொண்டிருந்தது. நாவரசு என்ன சொன்னான் தெரியுமா? "காவலர் மகுடேசனின் கொண்டையைக் கண்டு நடுங்கிப் பூனை ஓடிவிட்டது!" பன்னிரண்டு நாளும் இதையே சொன்னான். ஊரை நம்பவைக்கச் சொன்னதை, ஏழாம் நாளுக்குள் அவனே நம்பிவிட்டான்.

நம்பியிராவிட்டால் அந்தப் பதின்மூன்றாம் நாள் காரியத்தைச் செய்திருப்பானா? பொடிச்சிக்கு இறகு முளைத்திருந்தது. மகள் முதன்முதலாகப் பறப்பதை ஊரே பார்க்கட்டும் என்று சிறப்பு நிகழ்ச்சி வைத்தான். பொந்திலிருந்து பறந்து பாறையடிக்கு வரவேண்டும். எல்லோரும் பார்க்கும்படி மணல்மேல் இறங்கவேண்டும். காவலர் மகுடேசன் முன்னிலை, நடுவர் கோதண்டம் தலைமை.

"நாணலுக்கு அவ்வளவு கிட்டவா?" என்றாள் செவ்வந்தி.

"வெளிச்சம் அங்கதான் நல்லா விழுது!"

பொடிச்சி பறந்தாள். தத்தித் தடுமாறி மணலில் பொத்தென்று இறங்கினாள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நாவரசின் நெஞ்சு விம்மியது.

அப்போதுதான் கிழக்கு மூலைத் தவளைகள் வாயை மூடின.

"பாருங்க! தவளைங்ககூட மெய்மறந்துடுச்சு!" என்றார் கோதண்டம்.

தட்டாம்பூச்சிகள் குப்பென்று எழும்பின. "ஆகா, பூ தூவுற மாதிரி இருக்கே!" என்றது ஒரு முயல்.

உச்சிக்கிளையில் நின்ற நாவரசு பார்த்தான். காற்று மேற்கே அடித்தது. நாணல் கிழக்கே சாய்ந்தது. நாணலுக்கு நடுவே இரண்டு மஞ்சள் கண்கள். அந்தக் கண்கள் பொடிச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பூனை!" என்று கத்த வாயைத் திறந்தான். பயத்தில் அவன் தொண்டையிலிருந்து வந்தது எந்தக் குரல்? முப்பது நாளாகக் கேலிக்குப் பழக்கிய அதே தகரக் குரல்!

"கிழக்கு மூலை! பூனை! இருபது எட்டு!"

கரை விழுந்து விழுந்து சிரித்தது. "ஆரம்பிச்சிட்டாருப்பா நாவரசு!"

"சிரிக்காதீங்க! நிஜமாவே பூனை! என் பொண்ணு அங்க இருக்கா!"

"இன்னிக்குப் புதுசா ஒரு வரி சேர்த்திருக்காரு!" என்று அணில்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டன.

எதிர்க்கரையிலிருந்து குருவாயியும் கத்தினாள். "பூனை! பத்து எட்டு! ஓடுங்க!"

"இப்ப ரெண்டு குரல்ல பண்றாரு! என்ன திறமை!"

மகுடேசன் மட்டும் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு வாய் கட்டிப்போயிற்று. சத்தம் வரவில்லை. ஆனால் கொண்டலாத்தி பயந்தால் கொண்டை தானாக விரியும். அன்று அது விரிந்ததுபோல என்றைக்கும் விரிந்ததில்லை! ஒவ்வொரு இறகும் தனித்தனியாக எழுந்து நின்றது.

ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

பூனை பாய்ந்தது. நாவரசு கிளையிலிருந்து கல் விழுவதுபோல மகளை நோக்கிப் பாய்ந்தான். ஆனால் அவனுக்கு முன்னே தண்ணீர்மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று சீறிக்கொண்டு வந்தது. குருவாயி! நேரே பூனையின் கண்ணுக்கு முன்னால் போய்ச் சிறகால் அறைந்தாள். பூனை தலையை ஒதுக்கியது. நகம் பொடிச்சியின் வாலில் இரண்டு இறகைப் பிடுங்கிக்கொண்டு மணலில் இறங்கியது. நாவரசும் செவ்வந்தியும் மகளைக் கொத்தித் தள்ளி, உந்தி, எப்படியோ மேலே கிளப்பிவிட்டார்கள்.

பூனை வெறுங்கையோடு போகிற பிராணி அல்ல. அங்குமிங்கும் பார்த்தது. முன்வரிசையில் கோதண்டம் இன்னமும் கைதட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கவ்விக்கொண்டு நாணலுக்குள் போய்விட்டது.

அன்று பொந்தில் நாவரசு ஒரு வாய் தின்னவில்லை. பொடிச்சி நடுங்கிக்கொண்டே அம்மாவின் சிறகுக்குள் கிடந்தாள். "அப்பா, நீங்க கத்தினப்போ நானும் சிரிச்சேன்பா. நிகழ்ச்சின்னு நினைச்சேன்" என்றாள். நாவரசுக்கு அழுகை வந்தது. அவன் அழுதான்.

மறுநாள் காலை உச்சிக்கிளைக்குப் போனான். இதுவரை இல்லாத கூட்டம்! சரி, இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"மக்களே, தப்பு என்னுது. குருவாயி அக்கா மறுபடியும் பாறைக்கு வரணும். நம்ம கோதண்டம் ஐயா நேத்து..."

"அதை விடுங்க!" என்றது ஒரு முயல். "அந்தப் பூனையோட உடம்புல வரி வரியா இருந்துச்சே, பார்த்தீங்களா?"

"என்ன பளபளப்பு! என்ன நடை!" என்றது புறா.

"பாய்ஞ்சப்ப வாலை எப்படி வளைச்சது!" என்றன அணில்கள். "நாவரசு, அவரை ஒருநாள் பேட்டிக்குக் கூட்டிட்டு வாங்களேன்!"

"காவலுக்கே அவரைப் போடலாமே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். தவளைகள் கத்தித் தீர்த்தன.

மகுடேசனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பயத்தில் விரிந்த கொண்டை அவனுக்குச் சரியாக மடங்காமல் கோணிப்போயிருந்தது. அவன் ஒரு புதருக்குப் பின்னால் புழு தேடிக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கும் நிம்மதி.

இந்தப் பசியை ஊட்டி வளர்த்தது தான்தான் என்று நாவரசுக்குத் தெரிந்தது. கிளையை விட்டு இறங்கினான். செவ்வந்தியையும் பொடிச்சியையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் பறந்தான். அங்கே குருவாயி, முட்டைகளுக்குப் பக்கத்தில், நாணலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அக்கா, தவளை சத்தத்தை எப்படிக் கேக்கிறதுன்னு சொல்லிக்குடுங்க" என்றான்.

"முதல்ல நீ பேசறதை நிறுத்து" என்றாள் குருவாயி. "அப்பத்தான் கேக்கும்."

மறுநாள் முதல் நாவரசு எதிர்க்கரைக் கல்லில் நின்று, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர் அளவையும் பூனை படுத்த இடத்தையும் மட்டும் சொன்னான். கேட்க வந்தவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேர் வீட்டில் அந்த வருஷம் ஓர் உயிர்கூடக் குறையவில்லை. பழைய கரையில் எத்தனை குறைந்தது என்று சொல்ல ஆளில்லை. அங்கே புதிதாகச் செய்தி சொல்ல வந்த கிளி, பூனையின் மீசையைப் பற்றியே இன்னும் பேசி முடிக்கவில்லை.

காவலுக்கு அறிவை விட்டுவிட்டு அழகைத் தேடும் ஊரும், அந்த அழகையே நாள்தோறும் செய்தியாக்கி ஊட்டும் வாயும், ஆபத்து வரும் நாளில் உண்மையைச் சொன்னாலும் கேட்க ஒரு காது இல்லாமல் நிற்கும்.