தலைமையாசிரியர் ஊரில் இல்லாத மாதம்

சிறியவர்களே, காது கொடுங்கள். பெரியவர்களும் சற்றே நெருங்கி உட்காருங்கள். மலையில் பிறந்து கடலில் கலக்கும் கல்லாற்றின் கரையில் வெகுகாலத்துக்கு முன்பு ஒரு நாடு இருந்தது. கோமாறன் என்பவன் அதற்கு அரசன்.

அந்த நாட்டில் மூன்று பள்ளிக்கூடங்கள் இருந்தன. மலையில் ஒன்று, வயல்வெளியில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. மூன்றுக்கும் தலைமையாசிரியர்களைத் தலைநகரிலிருந்துதான் அனுப்புவது வழக்கம்.

மலைப்பள்ளியின் அதிகண்ணர் கண்டிப்புக்குப் பேர்போனவர். வயல்பள்ளியின் பொன்வாணர் புலமைக்குப் பேர்போனவர். கடற்கரைப் பள்ளியின் குவளையம்மையைப் பற்றி மட்டும் ஊரார் வேறு விதமாகச் சொல்வார்கள். "அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டால், நம்மையே திருப்பிக் கேட்கும்."

அது உண்மைதான். அவளிடம் வேலை பார்த்த ஆசிரியர்கள் நால்வரும் அந்தக் கரையிலேயே பிறந்தவர்கள். மழைக்குக் கூரை ஒழுகுகிறதே என்று வந்தாலும், ஒரு பிள்ளை படிக்க மறுக்கிறதே என்று வந்தாலும், குவளையம்மை முதலில், "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்பாள். அவர்கள் சொன்னதைச் செய்யவும் விடுவாள்.

அப்படி விட்டதில் ஒருமுறை வம்பும் வந்தது. வலை பின்னுபவரின் மகள் முத்தாயி, ஆசிரியைகளில் இளையவள். பறவைகளைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளைக் கழிமுகத்துக்கு அழைத்துப் போனாள். அலை ஏறும் நேரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டாள். பிள்ளைகள் இடுப்பளவு நீரில் அழுதுகொண்டே கரையேறினார்கள். தாய்மார்கள் திரண்டு வந்து பள்ளி வாசலில் நின்றார்கள்.

குவளையம்மை முன்னால் போய் நின்றாள். "அனுப்பியவள் நான். பிழை என்னுடையது. என்னைத் திட்டுங்கள்" என்றாள்.

கூட்டம் கலைந்தபின் முத்தாயி மூலையில் நின்று விம்மினாள்.

"அடுத்த முறை போகும்போது என்ன செய்வாய்?" என்று கேட்டாள் குவளையம்மை.

"அடுத்த முறையா? இனி நான் அந்தப் பக்கமே போக மாட்டேன் அக்கா."

"கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டாமல் என்ன படிப்பு? யோசித்துவிட்டு வந்து சொல்."

முத்தாயி படகோட்டிகளிடம் போய் அலையையும் காற்றையும் கற்றாள். கற்றதை மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். பெரிய பிள்ளை ஒவ்வொன்றும் சின்னப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்தே நடக்கவேண்டும் என்று பழக்கினாள். பிறகு மறுபடியும் கழிமுகத்துக்குப் போய், நனையாமல் திரும்பி வந்தாள்.

இப்படி இருக்கையில், தலைநகரத்துப் பெரிய கல்விச்சாலைக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார். அரசன் தலைமையாசிரியர்கள் மூவரையும் வரவழைத்தான். "உங்களில் ஒருவரைத்தான் அமர்த்தப் போகிறேன். ஒரு மாதம் என் விருந்தினராக இருங்கள்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

சில நாள்களில் மலையிலிருந்து ஆள் ஓடி வந்தான். "ஐயா, சுவடி அறையின் சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது. சுவடி எடுக்க முடியாமல் பள்ளியை மூடிவிட்டோம்."

வயல்வெளியிலிருந்தும் ஆள் வந்தான். "ஐயா, அடுத்து எந்தப் பாடம் என்று ஆசிரியர்களுக்குள் சண்டை. நீங்கள் சொன்னால்தான் தீரும்."

கடற்கரையிலிருந்து யாரும் வரவில்லை.

"நான் இல்லாவிட்டால் அங்கே துரும்பும் அசையாது" என்றார் அதிகண்ணர், பெருமையாக. பொன்வாணர் குவளையம்மையைப் பார்த்து, "பாவம், உங்களை ஒருவரும் தேடவில்லையே" என்றார்.

குவளையம்மை சிரித்து வைத்தாள். ஆனால் அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது. 'இத்தனை ஆண்டு உழைத்தேனே, நான் இல்லாதது அவர்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லையா?'

மாதம் முடியும் தறுவாயில் உப்பு வண்டிக்காரர்கள் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். கடற்கரையைப் புயல் அடித்துவிட்டது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் சுவர்கூட மிச்சமில்லை.

குவளையம்மை அரசன் முன் ஓடினாள். "எனக்குப் பதவி வேண்டாம் அரசே. ஒரு வண்டி கொடுங்கள்."

"நானும் வருகிறேன், ஏறுங்கள் அம்மா" என்றான் கோமாறன்.

போய்ப் பார்த்தால், பள்ளி இருந்த இடத்தில் சேறும் முறிந்த மரங்களும்தான் கிடந்தன. ஒரு பிள்ளையின் குரல்கூட இல்லை. குவளையம்மை அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது காற்று மேட்டுப் பக்கமிருந்து திரும்பி வீசியது. அதில் வாய்ப்பாடு கேட்டது!

மேட்டிலிருந்த உப்புக் கொட்டகைக்குள் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. ஓர் ஆசிரியர் பாடம் நடத்தினார், ஒருவர் கஞ்சி காய்ச்சினார், ஒருவர் கூரை முடைந்தார். வாசலில் நின்ற முத்தாயி அரசனைக் கண்டு கைகூப்பினாள்.

"பிள்ளைகளை மேட்டுக்குக் கொண்டுவர யார் உத்தரவிட்டது?" என்று கேட்டான் அரசன்.

"உத்தரவா? காற்று திசை மாறியது, அரசே. நாங்கள் நால்வரும் கூடிப் பேசினோம். கிளம்பிவிட்டோம்."

"புயல் வராமல் போயிருந்தால்?"

"ஊர் சிரித்திருக்கும். திரும்பி வந்து பாடம் நடத்தியிருப்போம்."

பிறகு அவள் குவளையம்மை பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்தது. "அக்கா, உங்கள் கையால் எழுதிய சுவடிகளை எடுக்கவில்லை. சுவடிப் பெட்டியா, அரிசிப் பானையா என்று வந்தது. பானையை எடுத்தோம். எல்லாம் கடலோடு போயிற்று."

அவை குவளையம்மையின் அரை ஆயுள் உழைப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"நான் இருந்திருந்தால் பெட்டியையும் எடு என்று சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். "அதற்குள் அலை வந்திருக்கும். நீங்கள் செய்ததே சரி."

அரசன் அங்கேயே அவளைப் பெரிய கல்விச்சாலைக்குத் தலைவியாக அறிவித்தான். "இந்தப் பள்ளிக்குத் தலைநகரிலிருந்து நல்ல அறிஞர் ஒருவரை அனுப்புகிறேன்" என்றான்.

"வேண்டாம் அரசே. முத்தாயி இருக்கிறாள்."

"இளையவள். ஒருமுறை பிள்ளைகளை அலையில் சிக்கவைத்தவள் என்றும் கேள்விப்பட்டேனே?"

"ஆமாம். அதனால்தான் இந்த முறை சிக்கவைக்கவில்லை."

மற்ற ஆசிரியர்கள் மூவரையும் அரசன் கேட்டான். அவர்களும் முத்தாயியையே காட்டினார்கள். முத்தாயி குவளையம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் இல்லாமல் என்னால் எப்படி முடியும் அக்கா?"

"ஒரு மாதமாக நான் எங்கே இருந்தேன்?" என்றாள் குவளையம்மை.

முத்தாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அன்று முதல் கோமாறன் ஒரு விதி வைத்தான். எந்தப் பள்ளிக்குத் தலைவராகப் போகிறவரும் அந்த மண்ணிலேயே இரண்டு பேரையாவது தமக்கு நிகராக வளர்க்கவேண்டும். அதிகண்ணரும் பொன்வாணரும் தங்கள் ஊருக்குத் திரும்பி, வெட்கத்தோடுதான் என்றாலும், அந்த வேலையைத் தொடங்கினார்கள்.

குவளையம்மை கிளம்பியபோது பிள்ளைகள் கையசைத்துக்கொண்டே வண்டியின் பின்னால் ஓடி வந்தார்கள். கொட்டகையில் மணி அடித்தது. உடனே அத்தனை பேரும் திரும்பிப் பாடத்துக்கு ஓடிவிட்டார்கள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை அவளுக்கு எதுவும் தைக்கவில்லை.

தாம் இல்லாத நாளிலும் காரியம் நடக்கும்படி அந்த மண்ணின் மக்களை வளர்த்துவிடுகிறவரே நல்ல தலைவர்.